துளைகளுக்கு நடுவே

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
கடலுக்கு அப்படி இல்லை.

நூறு மீட்டருக்கு ஒரு துளை போடுகிறாள் ஹெல்வே,
ஹீயூமா தீவிலிருந்து எதிர்க்கரை வரை,
பிப்ரவரியில்,
பால்டிக் கடல் பாறையாகிக் கிடக்கும்போது.
துளைக்கருவி கரகரவென்று இறங்கும்,
திடீரெனக் கை லேசாகும்,
கறுப்புத் தண்ணீர் மேலெழுந்து பூட்ஸை நனைக்கும்.
கொக்கிக் கோலை உள்ளே விட்டு அளந்து
பென்சிலால் எழுதுவாள்: இருபத்தாறு.
பேனா அந்தக் குளிரில் எழுதாது.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால்
கார் போகலாம் என்பது சட்டம்.

இருநூற்று அறுபத்து மூன்று இடங்களில்
அவளுக்குக் கடலைத் தெரியும்,
உள்ளங்கை அகலத்துக்கு.
மிச்சமெல்லாம் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு
மனசுக்குள் இழுத்துக்கொண்ட கோடு.
நீரோட்டம் அடியில் எங்கே நக்கித் தின்றிருக்கிறதோ
பென்சில் அறியாது.
ஆனாலும் அலுவலகத்தில் கேட்டால்
'பாதை உறுதி' என்றுதான் கையெழுத்திடுகிறாள்.
வேறு எப்படிக் கையெழுத்திடுவது?

போன வியாழக்கிழமை, துறைமுகக் கடையில்,
கடுகுப் புட்டிகள் அடுக்கிய அலமாரிக்கு மறுபுறம்
யாரோ சிரித்தார்கள்.
வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு,
கட்டவிழ்ந்த படகுபோலத் தள்ளாடிக்கொண்டு.
நல்ல மனுஷன் யாரோ, என்று நினைத்தபடி
ஹெல்வே அலமாரியைச் சுற்றி வந்தாள்.

உர்மாஸ் நின்றிருந்தான்.
அவள் பின்னிய கையுறை.
அவள் தைத்த பொத்தான்.
எதிரே தபால்காரன் காலெவ்
ஏதோ சொல்லி முடித்திருந்தான்.
"ஓ, நீயா," என்றான் உர்மாஸ்,
வீட்டுக் குரலில்.

இருபத்தொன்பது வருஷம்.
எந்தக் காற்றுக்கு அவன் இடது முழங்கால் வலிக்கும், தெரியும்.
ரொட்டியின் ஓரத்தை யாருக்கும் தெரியாமல்
நாய்க்குப் போடுவது தெரியும்.
மூக்கைத் தேய்த்தால் எதையோ மறைக்கிறான், அல்லது குளிர்.
துளை துளையாகத் தெரியும்.
அந்தச் சிரிப்பு எந்த இரண்டு துளைகளுக்கு நடுவே
இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தது?
கேட்கவில்லை.
கேட்டால் சொல்லியிருப்பான்;
சொல்வது இன்னொரு துளை, அவ்வளவுதான்.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது
வேறொன்று உறைத்தது.
அலமாரிக்கு இந்தப்புறம், அந்த மூன்றடி தூரத்தில்,
முகம் தெரியாத ஒருவன்மேல் ஆசை வைத்தாளே ஒருத்தி,
அவள் யார்?
ஜன்னல் கண்ணாடியில் ஒரு பெண்
தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
இவளை எத்தனை இடத்தில் அளந்திருக்கிறோம்?
குழாயை மூடினாள்.

(எழுதுகிற எனக்கும் அவளைத் தெரியாது.
பென்சிலைத் தெரியும். ஈர பூட்ஸைத் தெரியும்.)

ஞாயிறு காலை பாதை திறந்தது.
அளந்தவள் முதலில் போக வேண்டும் என்பது
அந்தக் கரையின் எழுதாத விதி.
தரை முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை:
சீட் பெல்ட்டைக் கழற்றவும்.
உடைந்தால் வெளியே பாய வேண்டுமே.
தெரியாது என்பதை இத்தனை மரியாதையாக
எழுதி நட்டு வைத்த சாலையை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிளிக். கிளிக்.

பாதி வழியில் அடியில் ஒரு சத்தம்,
நீளக் கம்பியை யாரோ சுண்டிவிட்டதுபோல்
தீவிலிருந்து கரைக்கு ஓடியது.
ஹெல்வே கதவுப் பிடியில் கை வைத்தாள்.
"பாடுது," என்றான் உர்மாஸ்.
"விரிசல்," என்றாள் அவள்.
அவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று,
அவள் போட்ட துளைகள் மறுபடி உறைந்து
வட்டவட்டமாய்ப் பின்னால் போயின.

பிறகு, ஒரு காரணமும் இல்லாமல்,
"அன்னைக்குக் கடையில காலெவ் என்ன சொன்னான்?"
என்று கேட்டுவிட்டாள்.

உர்மாஸ் மூக்கைத் தேய்த்தான்.
வெளியே மைனஸ் பதினெட்டு.